சுவரில் இறங்கிய பச்சை

மகளுக்கு இன்னது ஆகாது என்று எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு கல்யாண வீட்டுக் கேசரி. சின்னமனூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அவளுக்கு அப்போது ஐந்து வயது. இலையில் வைத்த கேசரியைத் தின்றுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி அதையும் தின்றாள். கை கழுவிவிட்டு வரும்போது உதட்டைச் சொறிந்துகொண்டே வந்தாள். மண்டப வாசலில் குனிந்து செருப்பைத் தேடி எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். முன்னால் நின்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. உதடு தடித்து வெளியே தள்ளியிருந்தது. ஒரு கண் மூடிப்போயிருந்தது. கழுத்திலும் கன்னத்திலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. என் மகளின் பாவாடையையும் வளையலையும் போட்டுக்கொண்டு வேறு யார் வீட்டுப் பிள்ளையோ நின்றது.

"இது நம்ம புள்ள மொகமே இல்லயே" என்று மனைவியிடம் சொன்னேன். பயத்தில் வந்த பேச்சு. அது மகளின் காதில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

தேனியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்து, என் மகள் திரும்பி வந்தாள். அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. அதுவரை எங்கோ போயிருந்ததுபோல.

தின்பண்டங்களில் சேர்க்கிற கலர்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். மஞ்சளோ சிவப்போ பச்சையோ, எதுவும் ஆகாது. அடுத்த முறை தொண்டை அடைத்தாலும் அடைக்கலாம், ஜாக்கிரதையாக இருங்கள் என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மருந்துப் பாட்டிலின் மூடியைத் திறந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். மருந்து நல்ல ரோஸ் நிறத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டு, அதை மாற்றி வெள்ளை மாத்திரை வாங்கினோம். கலரை விரட்டுகிற மருந்துக்குள்ளேயே கலர் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு அது ஒரு பொருளாகவே தோன்றவில்லை. இடம் பார்த்து ஒளிந்துகொள்கிற ஒன்றாகத் தோன்றியது.

இரண்டாவது முறை பள்ளிக்கூடத்தில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த மிட்டாயில் வந்தது. ஆட்டோவில் இருந்து இறங்கி நேராக உள்ளே போனவள், பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். அழவில்லை.

"அப்பா, அவ வந்துட்டா" என்றாள்.

"யாரு ஆத்தா?"

"அந்த இன்னொருத்தி. கல்யாண வீட்டுக்கு வந்தாள்ல."

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது என் தோளில் கிடந்த முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் வரும். படித்தது பத்தாவது. செம்புக் கம்பியும் வார்னிஷ் வாடையுமாக இருந்து பழகியவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள். அப்படிப்பட்டவன் கடை கடையாக ஏறி, இதில் கலர் இருக்கிறதா என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. மனைவி வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். பொழுது சாய்வதற்குள் தைத்துக் கொடுக்க வேண்டியது எப்போதும் இருக்கும். கடைவீதி என் பொறுப்பு.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரி. கூட்டம் குறையட்டும் என்று வெகுநேரம் ஓரமாக நின்றேன். கல்லாவில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டார்.

"என்னண்ணே வேணும்? ரொம்ப நேரமா நிக்கிறீக."

"இதுல கலர் போட்டிருக்கா?"

"எந்தக் கலருண்ணே வேணும்?"

"கலர் போடாதது வேணும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "செக்கிங் ஆபீசுல இருந்து வர்றீகளா?"

"இல்ல. மோட்டார் கட."

"அதான பாத்தேன்" என்று சத்தமாகச் சிரித்தார். "கலர் போடாததுன்னா இங்கன இந்தத் தராசு மட்டுந்தாண்ணே இருக்கு. கட்டித் தரவா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. பன்னுக்குள் சிவப்பும் பச்சையுமாகத் துண்டுகள். ரஸ்க் என்றால் மஞ்சள். மிக்சரில் மஞ்சள், காராசேவில் சிவப்பு. வத்தல் பாக்கெட்டில் ரோஸ் அப்பளம். வெள்ளையாக இருக்கிற கிரீமின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு. முன்பு இதெல்லாம் கண்ணில் படாது. இப்போது தெருவில் நடந்தால் ஒவ்வொரு கடையிலும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

பிறகு மனைவி ஒரு முடிவு எடுத்தாள். "அவளுக்குன்னு தனி டப்பா வேணாம். வீட்டுக்கே ஒரே டப்பா. நீங்களும் அதத்தான் திங்கணும், நானும் அதத்தான் திம்பேன். ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு வச்சா, புள்ள ஏங்கிப்போயிரும்."

எள்ளுருண்டை, பொரி உருண்டை, பாசிப்பருப்பு உருண்டை, வெள்ளை முறுக்கு. கம்பத்தில் நேந்திரங்காய் வாங்கி வந்து வீட்டிலேயே தேங்காய் எண்ணெயில் சீவிப் போட்டோம். பன்னீர் திராட்சையை மொட்டைமாடியில் காயவைத்து எடுத்தோம். காக்காய்க்குப் பயந்து பழைய புடவையைக் கட்டி மறைத்து வைத்தோம். சில முறுக்கு கல்லாக வரும். "மோட்டாருக்குள்ள வச்சுக் கட்டுங்க, எரியாது" என்பாள் மனைவி. மூன்று பேரும் ஒரே டப்பாவுக்குள் கையை விட்டுத் தின்றோம்.

ஒருநாள் மட்டும் கடைக்குப் பக்கத்தில் சூடாகப் போட்ட பஜ்ஜியை ஆசைக்குத் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்து, வீட்டுக்கு வந்தேன். மடியில் ஏறி உட்கார்ந்த மகள் என் மீசைக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுவந்தாள். பிறகு மெல்ல இறங்கித் தள்ளிப் போய் நின்றாள்.

"அப்பா, ஒங்க மேல அவ வாசம் அடிக்குது."

அதற்குப் பிறகு நான் வெளியே எதுவும் தின்றதில்லை.

சித்திரை, வைகாசி போனது. அந்த இன்னொருத்தி வரவில்லை. மகளின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஆனி மாதம் மனைவியின் அக்கா போடியிலிருந்து வந்தார்கள். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டுக்காரர் அங்கே ஏலக்காய் யாவாரத்தில் இருக்கிறார். மதினிக்குப் பிள்ளை இல்லை. எங்கள் மகள் என்றால் உயிர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அவ வர்றா, அவ வர்றான்னு புள்ள சொல்லுது. நீங்க உருண்ட பிடிச்சுக்கிட்டு இருக்கீக. ஆத்தாகிட்ட சொன்னீகளா?"

எங்கள் குலதெய்வம் கோம்பையைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற அம்மன். ஆடி முதல் வெள்ளிக்கு ஏலக்காய் மாலை சாத்துவதாக மதினியே நேர்ந்துகொண்டார்கள். ஏலக்காய் விளைகிற மலைக்குக் கீழே இருக்கிற எங்கள் பக்கத்தில் பூமாலையைவிட அது ஒரு படி மேல். பெரிய மனிதர்கள் வந்தால் போடுவார்கள். சாமிக்கு நேர்ந்து போடுவார்கள். மதினி கொண்டுவந்த மாலை தோள் கனத்துக்கு இருந்தது. ஒவ்வொரு காயும் ஒரே அளவு, ஒரே பச்சை. மழை பெய்து ஓய்ந்ததும் வயல் இருக்குமே, அந்தப் பச்சை. கோயிலில் எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

சாமி கழுத்தில் கிடந்த மாலையைப் பூசாரி எடுத்து மகளின் இரண்டு கையிலும் கொடுத்தார். அதற்கு ஒரு முறை உண்டு. மாலையை வீட்டில் அம்மன் படத்துக்குப் போட வேண்டும். அதிலிருந்து காயை உருவி எடுத்துப் பிள்ளை சாப்பிடுகிற எல்லாவற்றிலும் சேர்க்க வேண்டும்.

"ஒரு தோலு கூடக் குப்பைக்குப் போகக் கூடாது, பாத்துக்க" என்று மதினி தங்கையிடம் சொன்னார்கள். "ஆத்தா கழுத்துல கெடந்தது. கால்ல பட்டுச்சுன்னா வெனையாப் போயிரும்."

மனைவி அப்படியே செய்தாள். வழக்கமாக விதையை மட்டும் எடுத்துப் பொடிப்பாள். இதைத் தோலோடு சர்க்கரை போட்டு மிக்சியில் அரைத்து ஒரு பாட்டிலில் வைத்தாள். எள்ளுருண்டையில் அந்தப் பொடி. பாசிப்பருப்பு உருண்டையில் அந்தப் பொடி. பாலில் ஒரு சிட்டிகை. மகள் குடிக்கிற தண்ணீரைச் சீரகம் போட்டுக் காய்ச்சுவோம். அதிலும் இரண்டு காயைத் தட்டிப் போட்டாள். வீடே கோயில்போல மணத்தது.

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஊரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. தகரம் எங்காவது அடித்துக்கொண்டே இருக்கும். வெயில் அடிக்கும்போதே சாரல் விழும். அப்படி வெயிலும் தூறலுமாக இருந்த ஒரு மத்தியானம், தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள், பென்சிலை வைத்துவிட்டுக் கீழுதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, அவ வர்றா."

முகத்தில் ஒன்றும் இல்லை. மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல தாயி" என்று சொல்லி முடிப்பதற்குள், எங்கள் கண் முன்னாலேயே, கண்ணுக்குக் கீழே ஒரு திட்டு எழும்பியது. பிறகு இன்னொன்று.

அன்று மாத்திரையில் அடங்கியது. நாலைந்து நாள் கழித்துத் திரும்ப வந்தது. அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள். அவள் வெளியில் எதுவும் தின்னவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்டோம். யாருடைய டப்பாவையும் அவள் தொடுவதில்லை என்றார். தேனிக்குப் போனோம். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். எள், வெல்லம், அரிசி, பாசிப்பருப்பு, தேங்காய், நேந்திரங்காய் என்று மனைவி ஒப்பித்தாள். சீரகத் தண்ணீரைக்கூடச் சொன்னாள். ஏலக்காயைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அது பண்டம் இல்லை, சாமி. தின்கிற பொருள்களின் கணக்கில் அதை நாங்கள் யாரும் சேர்க்கவே இல்லை.

ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள் என்றார்கள். எள்ளை நிறுத்தினோம். வெல்லத்தில் கலப்படம் இருக்குமோ என்று வெல்லத்தை நிறுத்தினோம். நேந்திரங்காயை நிறுத்தினோம். டப்பா காலியாகிக்கொண்டே வந்தது. மகள் அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பாள். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த வாசம் வரும். கடைசியில் ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து எதுவுமே கொடுக்காமல் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பசித்தால் தண்ணீர் குடிக்கட்டும், மத்தியானம் வெறும் கஞ்சி கொடுக்கலாம் என்று. பள்ளிக்கூடம் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். யாரும் வரவில்லை. அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. தாகம் என்றபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தோம்.

பத்து மணி வாக்கில் பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"வந்துட்டா" என்றாள். அந்தக் குரல் அவளுடையது இல்லை. தொண்டை கட்டிப்போய், அடியில் இருந்து வருகிற, வயதான குரலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் புகை மாதிரி மருந்தை மூக்கில் பிடிக்க வைத்துச் சரிசெய்தார்கள். இன்னொரு முறை இப்படி வந்தால் நேரம் இருக்காது என்று நர்சம்மா மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மனைவி அதை என்னிடம் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். ஒன்றுமே தின்னாத பிள்ளைக்கு எங்கிருந்து வருகிறது?  எதிர் வீட்டு அக்காவிடம் அதற்குப் பதில் இருந்தது.

"கோடாங்கியக் கூப்புட்டு உடுக்கடிச்சுப் பாருங்க. வயித்துல ஒண்ணும் இல்லாதப்ப வருதுன்னா, அது வயித்துல இருந்து வரல."

மதினி போடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்கள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு சாமி கும்பிட அம்மன் படத்துக்கு முன்னால் போனவர்கள், அப்படியே இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏ ஆத்தா… இங்கன வந்து பாருங்க."

படத்துக்குக் கீழே சுவரில் பச்சையாக ஒரு கோடு இறங்கியிருந்தது. அம்மனின் கழுத்துக்கு நேராகத் தொடங்கி, சுண்ணாம்புச் சுவரில் ஒரு முழத்துக்கு வளைந்து வளைந்து வந்து, அடியில் மூன்றாகப் பிரிந்து நின்றது. சாரல் ஈரத்தில் பளபளத்தது. நாங்கள் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. எப்போது வந்தது என்று தெரியவில்லை.

"ஆத்தா அழுகுறா" என்றார்கள் மதினி. "நாம கொடுத்தது அவளுக்குப் பத்தல. வர்ற வெள்ளிக்கு இதவிடப் பெரிசா ஒண்ணு கட்டிக் கொண்டாறேன். அதுவரைக்கும் அந்தப் பொடியக் கொஞ்சம் கூடவே போட்டுக் கொடு. வேற எதுவும் கொடுக்காட்டிப் பரவாயில்ல, அத நிப்பாட்டாத."

எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்தார்கள். தெருவே வந்து பார்த்தது. செல்போனில் படம் எடுத்தார்கள். சுவருக்கு முன்னால் சூடம் ஏற்றினார்கள். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. கண்ணீர் என்றால் கண்ணிலிருந்தல்லவா வர வேண்டும்? இது கழுத்திலிருந்து வந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தனை பேர் இருந்தார்கள். மூடிக்கொண்டேன்.

மறுநாள் மகளைத் தேனியில் காட்டிவிட்டு வர மனைவி கூட்டிப்போயிருந்தாள். மதினியும் போடிக்குத் திரும்பிவிட்டார்கள். நான் மழையில் நனைந்து கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. காற்றில் படம் ஆணியில் லேசாக ஆடி, சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போனேன். மேல்தளத்து ஓரத்திலிருந்து ஈரம் கசிந்து இறங்கி மாலையை நனைத்திருந்தது. காய்களின் அடியில் சொட்டு நின்றது. ஒவ்வொரு சொட்டும் பச்சை.

விரலால் தொட்டேன். நனைந்த பனியனில் துடைத்தேன். வெள்ளைப் பனியனில் பச்சையாக ஒரு விரல் பதிந்தது.

பிறகு நான் செய்தது சாமி காரியத்தில் செய்யக் கூடாதது. மாலையிலிருந்து ஒரு காயை உருவினேன். கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி அதைப் போட்டேன். எதிரே தரையில் உட்கார்ந்தேன். காய் மிதந்தது. அதன் இடுப்பிலிருந்து மெல்லிய நூல்போல ஒன்று கீழே இறங்கியது. இன்னொரு நூல். இரண்டும் அடியில் போய்ச் சுருண்டு, விரிந்து, மெதுவாக மேலே ஏறி வந்தன. உயிருள்ள எதுவோ அந்தத் தண்ணீருக்குள் சோம்பல் முறிப்பதுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்கப் பச்சை. மேலே மிதந்த காய் மட்டும் வெளுத்து, பழைய வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது.

பொடிப் பாட்டிலைப் பார்த்தேன். சீரகத் தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தேன். சீரகத்தின் நிறம் என்று நாங்கள் நினைத்திருந்த தண்ணீரின் அடியில் இரண்டு காய் வெளுத்துக் கிடந்தது. ஒன்றும் தின்னாத ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தது இந்தப் பானையில்தான்.

மனைவி வந்ததும் டம்ளரைக் காட்டினேன்.  பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் அந்தப் பானையைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை மதினி வந்தார்கள். புது மாலை வாழை இலையில் சுற்றி, கூடையில். கூடவே எதிர் வீட்டு அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும். போனிலேயே சொல்லிவிடு என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். "போன்ல எப்புடிச் சொல்ல? ஆத்தா கழுத்துல சாயத்தப் போட்டுட்டீகன்னு அக்காகிட்ட நான் சொல்லவா? நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டாள். மதினி கூடையை இறக்கிவைத்ததும் என் வாய் ஒட்டிக்கொண்டது. மகள் சுவரோரம் நின்று கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை உதட்டுக்குப் போனது.

"பொடி தீந்துருச்சா?" என்று மதினி கேட்டார்கள். "புதுசுல இருந்து நாலு காய எடுத்துத் தட்டிப் பால்ல போட்டுக் கொடு. மொத வாய் இப்பவே குடிக்கட்டும்."

"கொடுக்க வேணாம் மதினி" என்றேன்.

எங்கள் வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.  உள்ளே போய் டம்ளரை எடுத்து வந்து அவர்களுக்கு முன்னால் வைத்தேன். புதிதாக ஊற்றிய வெந்நீர், அதில் பழைய மாலையின் ஒரு காய். பாருங்கள் என்று கையை மட்டும் காட்டினேன்.

மதினி பார்த்தார்கள். முகம் கறுத்தது. "என்னத்தக் கலந்தீக இதுல? ஆத்தா காரியத்துல வெளையாடுறீகளா தம்பி?"

"நீங்களே போட்டுப் பாருங்க. ஒங்க மாலையில இருந்து. ஒங்க கையால."

மனைவி இன்னொரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். மதினி கோபத்தோடு இலையைப் பிரித்து, புது மாலையிலிருந்து ஒரு காயைப் பிடுங்கி அதில் போட்டார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.  வெளியே தகரம் அடித்துக்கொண்டது. நூல் இறங்கியது. மதினியின் வாய் மெல்லத் திறந்தது. தண்ணீர் முழுக்கப் பச்சையாகிற வரை அவர்கள் கண்ணை எடுக்கவில்லை.

"மாலைக்குன்னா தனிக் காயி, அது பாக்குறதுக்குத்தான்னு எங்க வீட்டுக்காரவுக ஒருதரம் சொன்னாக" என்றார்கள் கடைசியில்.  "வெளுத்த காய மாலைக்கு ஒதுக்குவாகளாம். நான் அத அப்படி நெனைக்கல. ஆத்தாளுக்குன்னு தனியாப் பொறுக்கி எடுக்குறாகன்னு பெருமையா நெனச்சுக்கிட்டு இருந்தேன்." பிறகு படத்தைப் பார்த்தார்கள். "அவ கழுத்துல இதயா போட்டேன்? எம்புள்ள வாயில இதயா போடச் சொன்னேன்?"

எதிர் வீட்டு அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்கள். "அப்ப கோடாங்கி வேண்டாமா?" என்று கேட்டார்கள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

"வாக்கா, மொதல்ல புள்ளையப் பாப்போம்" என்று மதினியைத் தூக்கி நிறுத்தினாள். "ஆத்தாகிட்ட அப்பறம் போயிச் சொல்லிக்கிறலாம். அவளுக்குத் தெரியாததா?"

இரண்டு மாலையையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. குப்பையில் போட முடியாது. வாய்க்காலில் விடலாம் என்றேன். "அந்தத் தண்ணிய எத்தன புள்ளைக குடிக்குதோ" என்றாள் மனைவி. கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைக்கலாம் என்றார்கள் மதினி. அப்புறம் அந்த இலையை யார் தின்பது என்றாள் மனைவி. கடைசியில் கொல்லையில், எதுவும் முளைக்காத சுவரோரத்தில் குழி தோண்டி, மஞ்சள் துணியில் சுற்றிப் புதைத்தோம். மதினியே மண்ணைத் தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஒரு மாதம் பொறுத்துத்தான் டப்பாவை நிரப்ப மனைவிக்குத் துணிவு வந்தது. எள்ளுருண்டையில் ஆரம்பித்தோம். ஏலக்காய் இல்லாமல், சுக்கு மட்டும் தட்டிப் போட்டு. முதல் உருண்டையை மகள் கையில் வாங்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இதுல சாமி இருக்கா?" என்று கேட்டாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். "இல்ல ஆத்தா. எள்ளும் வெல்லமும் சுக்கும்தான்" என்றேன். தின்றாள். தின்றுவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். நாங்களும் பின்னால் போய் நின்றோம். கண்ணாடியில் மூன்று பேரும் இருந்தோம். அவ்வளவுதான் இருந்தோம். இன்னொரு உருண்டை கேட்டாள்.

சுவரைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்தேன். ஐப்பசி மழையில் வெள்ளைக்கு உள்ளிருந்து அந்தக் கோடு மங்கலாக எழும்பி வந்தது. திரும்ப அடித்தேன். இப்போதும் மழைக்காலத்தில் அந்த இடத்தை நான் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றியது போன வாரம். சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது மகள் தட்டில் முறுக்கும் பொரி உருண்டையும் வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது ஏழு வயது. தட்டின் ஓரத்தில் ஒரு உருண்டை தனியாக இருந்தது. எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அது அவளுக்கு."

"அவதான் வர்றதே இல்லயே ஆத்தா."

"வர மாட்டா" என்று பீரோவின் பக்கம் பார்த்துச் சொன்னாள். "அதுக்காகப் பசிக்காதா அவளுக்கு?"

தட்டைக் கழுவப் போடும்போது மனைவி அந்த உருண்டையை எடுத்து டப்பாவில் திரும்பப் போடவில்லை. பீரோவுக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தாள்.